பதினாலாம் நம்பர் மலையில் இறங்காதவர்

தேயிலை விலை விழுந்து கிடந்த இரண்டாயிரத்தொன்றாம் வருடம், கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பெண்கள் பறக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் கிளம்பும்போது பறந்தவள் ஒருத்திதான். ஊட்டி மார்க்கெட்டுக்கு வந்து சேர்வதற்குள் நாலு பேர் ஆனார்கள். ஃபெர்ன்ஹில்லில் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் இது யூனியன்காரர்கள் வேலை என்று அடித்துச் சொன்னார். கூடலூரில் போய் இறங்கியபோது, பஸ் காசை மிச்சம் பிடிக்க நிர்வாகமே ட்ரெய்னிங் கொடுக்கிறது, அடுத்த மாதம் விண்ணப்பிக்கலாம் என்று ஆகியிருந்தது. இரண்டு பேர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள்.

நேரில் போய் விசாரித்ததில், பறப்பது உண்மைதான். ஆனால் ஒருத்திதான் பறக்கிறாள். அதுவும் இடுப்பு உயரத்துக்கு மேல் போவதில்லை. தவிர, காலையில் நேரத்துக்கு வந்து வரிசையில் நிற்காவிட்டால் அன்றைக்குப் பறக்க விடுவதும் இல்லை. விடாதவர் பெயர் ராஜரத்தினம். பேச்சு எங்கே கிளம்பியது என்று கேட்டால் எல்லோரும் டீக்கடை ஆரிஃபாவைக் கை காட்டினார்கள். ஆரிஃபா மறுக்கவில்லை. அது அவளுடைய பலவீனம். அதற்கு எல்லோருடைய ஒப்புதலும் இருந்தது.

ராஜரத்தினம் வெள்ளைப்பாறை எஸ்டேட்டின் கணக்கப்பிள்ளை. கணக்கு எழுதுகிறவர் என்று சமவெளியில் நினைப்பார்கள். மலையில் அவர் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு மேல் நின்று வேலை வாங்குகிறவர். இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு குடையுமாகக் கப்பலேறி வந்தவர். பெட்டி துருப்பிடித்துப் போயிற்று. குடை இருக்கிறது; துணி மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குடைக்கு அடியில், எஸ்டேட் ரோட்டின் மேலேயே நின்று, கீழே சரிவில் நிற்கிற பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாளும் ரோட்டை விட்டு மலைக்குள், அதாவது தேயிலைச் சரிவுக்குள், இறங்கியதில்லை. மேலே நின்றால்தான் எல்லா நிரையும் கண்ணில் படும் என்பார். அதை அதிகாரம் என்று பெண்கள் நம்பினார்கள். துரைமாரும் நம்பினார்கள். பழைய மேனேஜர் ஒருவர் அவரை உதாரணமாகக் காட்டி ஒரு நாற்காலிகூடக் கொடுத்தார், ரோட்டில் போட்டுக்கொள்ள.

விலை விழுந்ததில் எஸ்டேட்டின் சொந்த ஃபேக்டரி மூடியாயிற்று. டீமேக்கர் குன்னூருக்குப் போனார், கிளார்க் திருப்பூருக்குப் போனார். ராஜரத்தினம் பேசிக்கொண்டிருக்க இருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். வாரத்தில் மூன்று நாள் வேலை. பறித்த இலை கோத்தகிரியில் வேறொரு ஃபேக்டரிக்கு லாரியில் போகும். அங்கேயும் இலை தேங்கிக் கிடந்ததால் லாரி மூன்று மணிக்கும் வரும், ஆறு மணிக்கும் வரும். அதுவரை எல்லோரும் எடை போடுகிற ஷெட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

உட்கார்ந்திருப்பதில் அவருக்குக் கஷ்டம் இல்லை. கஷ்டம் வேறு. வெளியே நூறடி தூரத்தில் வரும்போதே ஷெட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவர் செருப்பு சிமெண்ட் தரையில் பட்டதும் நின்றுவிடும். இருபது பெண்களும் ஒரே நேரத்தில் தலைத்துணியைச் சரி செய்வார்கள். தராசுக்காரர் மயில்சாமி, கோத்தகிரி ஃபேக்டரி அனுப்பிய மேட்டுப்பாளையத்துக்காரர், தராசைத் துடைக்க ஆரம்பிப்பார். ஏற்கெனவே துடைத்த தராசு. நாலு மணி நேரம் அப்படி உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

தான் உள்ளே வந்தாலும் பேச்சு நிற்கக் கூடாது. ராஜரத்தினத்துக்கு அந்த வருடம் வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் ரப்பர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். ஷெட் சுவருக்குப் பின்னால் நின்று காது கொடுத்தார்.

உள்ளே ஆண்டாயி பேசிக்கொண்டிருந்தாள். பதினாலாம் நம்பர் மலையில் பறிக்கிறவள், எஸ்டேட்டிலேயே வேகமான கை, அதைவிட வேகமான வாய். "நான் பறந்து போயி இலைய ஃபேக்டரியில கொட்டிட்டு வந்திருவேன். லாரி என்னாத்துக்கு?"

"முதுகுல முப்பது கிலோ இருக்கும். எவ்வளவு ஒசரம் பறப்ப?" இது ஷெட் வாசலில் டீக்கடை வைத்திருக்கிற ஆரிஃபா.

"செடி ஒசரம்."

"மழை புடிச்சா?"

"இடுப்புல கட்டுற படங்குச் சாக்கு நனைஞ்சிருமே. கனத்துப் போயி தொப்புனு விழுந்திருவேன்."

"சரி, நம்பலாம். பறந்துக்க."

விளையாட்டு அதுதான். ஆளுக்கொரு சக்தி வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பதில் நம்பும்படி இருந்தால் ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து கதையை ஓட்டுவார்கள். ஒருத்தி ஓர் ஆபத்தை இழுத்து விடுவாள், மற்றவர்கள் போய்க் காப்பாற்ற வேண்டும். டவுனில் சூப்பர் ஹீரோ என்பார்கள், ஷெட்டில் சக்திக்காரங்க. சட்டம் ஒன்றே ஒன்று: பலவீனம் இல்லாதவருக்கு இடமில்லை. மயில்சாமி ஒற்றைக் கையால் லாரியைத் தூக்குவார், ஆனால் ஏற்றத்தில் மட்டும். இறக்கத்தில் அவருக்குத் தலை சுற்றும். ஆரிஃபாவுக்கு மேட்டுப்பாளையத்தில் பேசுவது இங்கே கேட்கும். கேட்டதை ஒரு பால் பொங்குகிற நேரத்துக்கு மேல் வாய்க்குள் வைத்திருக்க முடியாது.

ராஜரத்தினம் அன்றைக்கு உள்ளே போகவில்லை. மூன்றாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே போனார். பேச்சு நின்றது. தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒரு ஆளு தாறேன்."

இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்து தயாரித்த ஆள். பெயர் பேரொளி. பறப்பார், மறைவார், நெருப்பு சுடாது, மழை நனைக்காது, தோல்வி தெரியாது. வாசித்து முடித்துக் காகிதத்தை நாலாக மடித்தார்.

"வீட்டுக்கு எப்பண்ணே போவாரு?" என்றாள் ஆரிஃபா.

"போக மாட்டாரு. எப்பவும் கடமையில இருப்பாரு."

"சோறு?"

"தேவையில்ல."

"ஏனுங்க, சளி கிளி புடிக்குமுங்களா?" மயில்சாமி மரியாதையாகத்தான் கேட்டார்.

"புடிக்காது."

"அப்ப அது ஆளு இல்லண்ணே. லைட்டுக் கம்பம்," என்றாள் ஆரிஃபா. "லைட்டுக் கம்பத்துக்காவது அப்பப்ப கரண்டு போகும்."

இருபது பெண்களும் தலைத்துணிக்குள் சிரித்தார்கள். பேரொளிக்கு இடமில்லை.

மறு வேலைநாள், ஆளாகச் சேர முடியாவிட்டாலும் ஆள்களை மேய்க்கலாமே என்று ராஜரத்தினம் யோசனை சொன்னார். சக்திக்காரர்களுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டாமா? யாரும் மறுக்கவில்லை. மறுத்துப் பழக்கமில்லை. கதைக்குள் பெரட்டு நடத்த ஆரம்பித்தார். பெரட்டு என்பது காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவது. தாமதமாக வருகிறவர் நேராக வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அன்றைக்கு வேலை கிடையாது. எஸ்டேட்டில் அது கல்லில் எழுதிய சட்டம்.

அன்றைய ஆபத்து பெரிது. ஐந்து தலை மிருகம் ஒன்று கோத்தகிரி ஃபேக்டரியைத் தின்ன வந்துகொண்டிருந்தது. மயில்சாமி இறக்கத்தில் மாட்டிக்கொண்டு தலை சுற்றிக் கிடந்தார். ஆண்டாயி போனால்தான் உண்டு.

"வந்துட்டேன்!" என்று கதைக்குள் பறந்து வந்து நின்றாள் ஆண்டாயி.

ராஜரத்தினம் மணிக்கட்டைப் பார்த்தார். கதைக்குள் மணி ஏழு பத்து.

"பெரட்டு முடிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போ."

"ஐயா, மிருகம் வருதுங்கய்யா!"

"அது நேரத்துக்கு வந்திருக்கு. நீ வரல்ல."

மிருகம் ஃபேக்டரியைத் தின்றது. கொதிகலன், கூரைத் தகரம், லாரி எல்லாவற்றையும் தின்றது. காப்பாற்ற ஓர் உலகம் மிச்சமில்லாமல் மூன்றரை மணிக்கே கதை முடிந்துவிட்டது. லாரி வந்ததோ ஆறு மணிக்கு. இரண்டரை மணி நேரம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. தலைத்துணியைச் சரி செய்துகொண்டார்கள். மயில்சாமி தராசைத் துடைத்தார்.

அன்று வீட்டில் ராஜரத்தினம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "விஜயா, எனக்கு ஏதாச்சும் பலவீனம் இருக்கா?" என்று கேட்டார்.

அவர் மனைவி விஜயா அகப்பையைக் கீழே வைத்தாள். "ஒரு குயர் நோட்டு எடுத்தாங்க. சாய்ஞ்சு உக்காந்து எழுதுங்க."

"வெளியில சொல்லக்கூடியதா ஒண்ணு."

"வெளியில சொல்லக்கூடாததுதான் நம்புறாப்ல இருக்கும். மழைக்காலத்துல உங்க சாக்ஸ துவைக்கிறவ நான். வேற என்னாத்த சொல்ல?"

ராஜரத்தினம் ரசம் கேட்டார்.

மறுநாள் ஷெட்டில் பேரொளிக்கு ஒரு பலவீனம் கொண்டுவந்தார்: நேர்மை அதிகம். "அது இன்டர்வியூவுல சொல்றதுண்ணே," என்று ஆரிஃபா தள்ளிவிட்டாள். கோபம் அதிகம் என்று திருத்தினார். "அது பலவீனம் இல்லய்யா, எங்களுக்கு வந்த வெனை," என்றாள் ஆண்டாயி. உழைப்பு அதிகம் என்றார். ஒருத்தி மட்டும் இருமினாள்.

பத்து நாள் போயிற்று. அவர் ஷெட்டின் ஓரத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் இருக்கும்வரை கதை ஓடாது. டீ குடிக்க வெளியே போனால் உள்ளே ஓடும். அதனால் ஒரு நாளைக்கு ஏழு டீ குடித்தார். ஆரிஃபாவுக்கே பாவமாகப் போய்விட்டது.

ஒருநாள் மத்தியானம் நல்ல மழை. ஏழாவது டீயை முடித்து உள்ளே வந்தபோது ஆண்டாயி கதைக்குள் பதினாலாம் நம்பர் மலையின் அடியில் விழுந்து கிடந்தாள், படங்கு நனைந்து. அவரைப் பார்த்ததும் நிறுத்தினாள். அப்புறம் என்ன தோன்றியதோ, நிறுத்தியதைத் தொடர்ந்தாள்.

"பேரொளி வாராரு. மேல ரோட்ல நிக்கிறாரு. என்னைய பாக்குறாரு. ஏங்கய்யா இறங்க மாட்டேங்குறாரு?"

ஷெட் முழுவதும் அவரைப் பார்த்தது. ராஜரத்தினம் பதில் தயாரிக்க வாயைத் திறந்தார். மேலே நின்றால்தான் எல்லா நிரையும் தெரியும் என்று சொல்லவும் ஆரம்பித்தார். அப்போது அவர் காலடியில் கிடந்த ஈர இலைச் சாக்கிலிருந்து நூல் போல ஒன்று எழுந்து நின்று, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, அவர் சாக்ஸ் போட்ட பெருவிரல் பக்கமாகக் குனிந்தது.

அடுத்த நொடி கணக்கப்பிள்ளை தரையில் இல்லை. தராசுக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்கால் நெஞ்சில் முட்டத் தொங்கிக்கொண்டிருந்தார். வேட்டி ஒரு பக்கம், குடை ஒரு பக்கம்.

"அட்டை!" என்றார். பெரட்டுக் களத்தில் இருநூறு பேருக்குக் கேட்ட அந்தக் குரல் அப்போது கொசுக் குரலாக வந்தது. "அட்டைங்க. அட்டைக்குத்தான். சின்னதுல இருந்தே. அதுனாலதான் இறங்கல்ல. ஒருநாளும் இறங்கல்ல. எடுங்க, யாராச்சும் எடுங்க!"

இருபத்திரண்டு வருடத்துக் கம்பீரம் கொக்கியில் லேசாகச் சுழன்றது. மயில்சாமி பழக்க தோஷத்தில் முள்ளைப் பார்த்தார்.

"அறுவத்தியொண்ணுங்க."

"ஈரத்துக்கு மூணு கிலோ கழிச்சுக்கங்க," என்றாள் ஆண்டாயி. "எங்களுக்கு அப்படித்தானே கழிச்சாரு."

அதற்கப்புறம் கிளம்பிய சிரிப்பு கோத்தகிரி வரை கேட்டிருக்கும். மறுநாள் ஆரிஃபா மூலமாக எப்படியும் கேட்டது. ஆண்டாயி எழுந்து வந்து, அட்டையை இரண்டு விரலில் நசுக்காமல் எடுத்து, உருட்டி, மழைக்குள் சுண்டிவிட்டாள்.

"இறங்குங்கய்யா. போயிருச்சு."

"இன்னொண்ணு இருக்கும்."

"இருக்கும். இருந்தா எடுப்போம்."

இறங்கினார். வேட்டியைச் சரி செய்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்:

"இது நம்புறாப்ல இருக்கா?"

ஆரிஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சேர்த்தாச்சுண்ணே. சாக்ஸுக்குள்ள என்ன போடுவீங்க, உப்பா, பொகையிலையா?"

"ரெண்டும். மேல சோப்பு."

"சரியான ஆளு. இனி பறந்துக்கங்க."

"ஒரு நிமிஷம்," என்றாள் ஆண்டாயி. "இப்ப நான் அவர காப்பாத்தியாச்சு. அவரு என்னைய காப்பாத்தல்ல. நான் பதினாலாம் நம்பர்லதான் இன்னும் விழுந்து கெடக்கேன். அது பாக்கி."

எல்லோரும் பாக்கி என்று ஒப்புக்கொண்டார்கள். ராஜரத்தினமும் ஒப்புக்கொண்டார். அன்றே தீர்க்கலாம் என்றுதான் பேரொளியைக் கிளப்பினார். சிக்கல் அப்புறம்தான் தெரிந்தது. ஆண்டாயி விழுவது மழையில். மழையில் அட்டை வரும். அட்டை வந்தால் பேரொளி இறங்க மாட்டார். வெயில் வரட்டும் என்று பார்த்தால், வெயிலில் ஆண்டாயி விழவே மாட்டாள். இதை அவர் எழுந்து நின்று விளக்கினார். மயில்சாமி லாரியையே தூக்கிப் போட்டு அதன் மேல் நடந்து போகச் சொன்னார். அது இறக்கம், ஆகாது என்று தள்ளிவிட்டார்கள்.

வேறொரு சக்திக்காரர் போய் ஆண்டாயியைத் தூக்கிவிடலாம்தான். அவளே வேண்டாம் என்றுவிட்டாள். வேறு கதைகளுக்கு அவள் தாராளமாகப் பறந்து போய்விட்டு, திரும்ப வந்து அதே இடத்தில் படுத்துக்கொள்வாள்.

இலை விலை அதற்கப்புறமும் ஏறவில்லை. லாரி இப்போதும் மூன்றுக்கும் வருகிறது, ஆறுக்கும் வருகிறது. நூறடி தூரத்தில் செருப்புச் சத்தம் கேட்டால் ஷெட்டுக்குள் பேச்சு நிற்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு குரல் ஓங்கி வருகிறது.

"என்னாங்கய்யா, எங்க நிக்கிறீங்க?"

"ஒரு காலை ரோட்ல இருந்து இறக்கிட்டேன்."

"நேத்தும் அதே கால்தானே?"

"அதே கால்தான். இன்னொண்ணுக்கு சாக்ஸ் காயல்ல."

"சீக்கிரம் வாங்க, எனக்கு இடுப்பு மரத்துப் போச்சு," என்கிறாள் ஆண்டாயி, கதைக்குள் மூன்று வாரமாகத் தேயிலைச் செடிக்குள் தலைகீழாகக் கிடந்தபடி, டீயை ஊதிக் குடித்துக்கொண்டே.