இருட்டில் மணி சொல்லும் கடிகாரம்

ஒரத்தநாட்டில் நான் மாட்டு டாக்டர். வாரமெல்லாம் பசுவுக்குப் பிரசவம் பார்க்கிற கை, ஞாயிற்றுக்கிழமை பழைய பாக்கெட் கடிகாரங்களைத் திறக்கும். நடவு நேரத்தில்கூட இவள் கடிகாரம் தேடிப் போகிறாள் என்று என் கணவர் சொந்தக்காரர்களிடம் சலித்துக்கொள்வார். எனக்கு அழகான கடிகாரம் வேண்டாம். அதுவரை யாரும் யோசிக்காத ஒரு வேலையை யாரோ ஒருவர் அதற்குள் புகுத்தியிருக்க வேண்டும்.

அப்படி ஒன்று மட்டும் வெகுநாளாக அகப்படவில்லை. மின்விளக்கு வராத காலத்தில் செய்தது. ஓரத்துப் பொத்தானைத் தள்ளினால், எத்தனை மணி, எத்தனை கால் மணி என்று உள்ளே குட்டிச் சுத்தியல்கள் அடித்துச் சொல்லும்.

திருவிடைமருதூரில் ஒருவரிடம் அது இருப்பது தெரிந்து போனேன். ரைஸ் மில் நடத்தி ஓய்ந்தவர். சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. கடிகாரம் அவருடைய அப்பா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. ஓடாது. பொத்தான் எதற்கென்று அவருக்கே தெரியாது. விஷயத்தைச் சொல்லி, விலைக்குக் கேட்டேன்.

"ஓடாத சாமான எப்படிங்க விக்கிறது? ஓட வச்சுக் காட்டுங்க, பேசுவோம்" என்றார். வீட்டைவிட்டு வெளியே கொடுக்கவும் மாட்டேன் என்றார்.

ஆகவே கருவிகளைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி நான்தான் போனேன். அவர் மனைவி சாப்பாட்டு மேஜையில் வெள்ளை வேட்டியை விரித்துக் கொடுத்தார், திருகாணி உருண்டால் தெரியட்டும் என்று. பழைய எண்ணெய் பிசினாக இறுகிக் கிடந்தது. கழுவித் துடைத்ததும் கடிகாரம் ஓடிவிட்டது. ஆனால் சுத்தியலைத் தள்ளுகிற வில், அந்த மெல்லிய ஸ்பிரிங், உடைந்திருந்தது. அந்த வில் எங்கும் கிடைக்காது. ஓடுகிறதே, அது போதாதா என்று தஞ்சாவூரில் கடிகாரம் பழுது பார்ப்பவர் கேட்டார். எனக்குப் போதாது.

பழைய சுவர்க் கடிகாரத்தின் சுருளிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அராவி, நீலம் பாயும்வரை சூடாக்கினேன். முதலாவது முறிந்தது. அடுத்தது வளைந்தது. தாளடி அறுவடை முடிந்து, வயலில் உளுந்து பூக்கிற வரைக்கும் இப்படியே போயிற்று. கடைசியில் ஒன்று பொருந்தியது.

கடிகாரத்தைப் பெரியவர் உள்ளங்கையில் வைத்து, பொத்தானைத் தள்ளச் சொன்னேன். கனத்த ஒலியில் மூன்று. பிறகு இரட்டை ஒலியாக இரண்டு.

"மூணரையா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றார் மனைவி, சுவரைப் பார்த்துவிட்டு. அவர் மறுபடி தள்ளிக் கேட்டார். மறுபடியும்.

நான் கை கழுவப் போனபோது அந்த அம்மா பின்னாலேயே வந்தார். ஓயாமல் மணி கேட்பது தொந்தரவாக இருக்குமென்று, கொஞ்ச நாளாகக் கணவர் கேட்பதையே விட்டுவிட்டாராம்.

திரும்பி வந்தேன். "டாக்டரம்மா, இத என்னால குடுக்க முடியாது போலிருக்கே" என்றார் பெரியவர். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை ஞாயிறுகள். ஆனாலும் அவர் விரல் அந்தப் பொத்தானைத் தேடிப் பிடித்த விதத்தை நான் பார்த்திருந்தேன்.

"வச்சுக்குங்க ஐயா. எண்ணெய் போட மட்டும் நான்தான் வருவேன். வேற யாரும் திறக்கக் கூடாது."

"எனக்கப்புறம் உங்களுக்குத்தான்."

"அதுக்கெல்லாம் காத்திருக்க மாட்டேங்க. நீங்க நல்லா இருங்க. நான் வேற தேடிக்கிறேன்."

நாகப்பட்டினத்தில் ஒன்று இருக்கிறதென்றார்கள். போய்ப் பார்த்தால், சாதாரணக் கடிகாரம். தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எந்த நிலையில் கிடைத்தாலும் சரி, வில் செய்ய இப்போது எனக்குத் தெரியும்.