எதிர்ச்சுவரில் ஒரு மைதானம்

ஒரகடத்தில் சுவரொட்டிக்காகக் காய்ச்சிய மைதாப் பசையின் மணம் இன்று என்னை நிறுத்தியது. இப்போது லாரி நிறுத்தமாகிவிட்ட எங்கள் உயர்நிலைப் பள்ளியில், போர்க்காலத்தில் இரவுப் படிப்பின் வெளிச்சம் வெளியே தெரியாதிருக்க, ஆறு ஜன்னல்களிலும் (எண்ணிக்கையில் நான் தவறமாட்டேன்) அதே பசையால் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தோம். ஒரு தாளில் விழுந்த சிறு ஓட்டை வழியே பகலில் வெளிச்சம் புகுந்து, எதிர்ச்சுவரில் மைதானம் தலைகீழாகத் தெரியும். ஒளிப் பாடத்தை அதில்தான் படித்தோம்.

அந்த ஓட்டையை அடைக்க, பள்ளியிலேயே குடியிருந்த தலைமையாசிரியர் பசையோடு வந்து, ஓட்டை இருக்கும் இடம் தெரியக் கதவைச் சாத்தினார்.

"ஒட்டாதீங்க சார், பாடமே அதுலதான் கீது," என்றாள் வகுப்புத் தோழி வள்ளி.

"குண்டு விழுந்தா பாடமாம்மா காப்பாத்தும்?"

அப்போது சுவரில், தலைகீழாக ஒரு மாடு கொடியில் காய்ந்த வேட்டியை மென்றது.

"சார், உங்க வேட்டி!"

ஓடினார். அவர் தலைகீழாக மாட்டைத் துரத்துவதைச் சுவரில் பார்த்தோம்.

மூச்சு வாங்கத் திரும்பியவர், "ராத்திரிக்கு மட்டும் துணி வச்சு அடைங்க," என்றார்.