துணியில் முந்திக்கொண்ட பெயர்

செய்தி வந்தபோது பின்னேரம் நாலேகால். தேயிலைத் தொழிற்சாலையின் தராசடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஞானரத்ன பிறகு எழும்பவில்லை. மரண உதவிச் சங்கத்துச் செயலாளர் விமலசூரிய சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உபேக்ஷாவின் வீட்டுக் கொல்லைக்கு விரைந்தார். கொழும்பில் ஓவியம் படிக்கும் உபேக்ஷா விடுமுறைக்கு அக்குரஸ்ஸைக்கு வரும்போதெல்லாம் சங்கத்துக்கு இரங்கல் துணி எழுதிக் கொடுப்பாள். 'நிர்வாண சுகம் கிட்டட்டும்' என்ற பௌத்த இரங்கல் வரியை முன்கூட்டியே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைப்பாள். சாவு விழுந்தால் அந்த இடத்தை நிரப்பி ஒரு மணி நேரத்தில் தெருவுக்குக் குறுக்கே கட்டிவிடலாம்.

கொடியில் தொங்கிய வெள்ளைத் துணியில் பெயர் ஏற்கெனவே இருந்தது. ஞானரத்ன. முதலெழுத்து கறுப்பு மையில் பளபளத்தது. மற்றவை கரிக்கோடுகள்.

"பிள்ளை, உனக்கு ஆர் சொன்னது?"

"எதை மாமா?"

"ஞானரத்ன செத்துப்போனதை."

அவள் துணியைத் திரும்பிப் பார்த்தாள். "எப்ப?" என்றாள்.

"எப்பவெண்டு நானல்லோ உன்னட்டக் கேக்கோணும்!"

உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். முதலாம் வருடம் அவள் கண்ணும் மூக்கும் வரையத்தான் கற்றாள். ஒரு முகமும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் ஊருக்கு வந்த பஸ் மழையில் நின்றபோது, எதிரே யாருக்கோ கட்டிய இரங்கல் துணி காற்றில் உப்பி அடங்குவதைப் பார்த்தாள். துணி எப்படிப் புரண்டாலும் எழுத்துகளின் வயிறு குலையவில்லை. தட்டைத் தூரிகையைத் தூக்காமல் திருப்பியதில் கோடு தடித்து, மெலிந்து, மறுபடி தடித்திருந்தது. செத்தவர் யாரென்று அவள் வாசிக்கவேயில்லை. அன்றிலிருந்து மருந்துக்கடைப் பலகை, பஸ் நெற்றி, தீப்பெட்டி என எதைக் கண்டாலும் முதலில் எழுத்தைத்தான் பார்த்தாள். சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலை வாங்கி வந்து, வளைவு நல்லதாக அமைந்த பெயர்களைக் கொப்பியில் வரைந்து பழகினாள். அந்தப் பட்டியலிலேயே 'ஞ' எழுத்தில் தொடங்கும் பெயர் ஒன்றே ஒன்றுதான். ஒன்றையொன்று நெருங்கியும் தொடாத வளைவுகள். துணியின் இடைவெளியில் அது எப்படி உட்காருமென்று பார்க்கத்தான் கரியால் போட்டாள். தட்டினால் கரி உதிர்ந்துவிடும். ஆனால் அந்த முதலெழுத்து அவ்வளவு நன்றாக வந்ததில், ஆசை பொறுக்காமல் மையைத் தொட்டுவிட்டாள்.

"எழுத்துப் பழகினனான் மாமா. கொப்பியைப் பாருங்கோ."

விமலசூரிய ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாம் ஊர்க்காரர் பெயர்கள், உயிரோடிருப்பவர்களுடையவை. ஏழாம் பக்கத்தில் அவருடைய பெயரே பதினொரு தடவை இருந்தது. கொப்பியைக் கை சுட்ட பாத்திரம்போலக் கீழே போட்டார்.

"என்ர பேர் என்னத்துக்கு?"

"உங்கட 'ம' வடிவு மாமா."

"வடிவோ! என்ர பேரை அழி, பிள்ளை. இண்டைக்கே அழி."

இருட்டுவதற்குள் கதை ஊரைச் சுற்றிவிட்டது. அவளுக்குக் கரிநாக்கு என்றார்கள். நாக்கில்லை, கரிக்கை என்று திருத்தினார்கள். முந்தாநாள் அவள் ஞானரத்னவின் வீட்டுக்குப் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனது ஊருக்கு நினைவு வந்தது. போனவள் குசினி அடுப்படிவரை போனாளாமே? தேத்தண்ணீர் ஊற்றியது யார்? தெருவில் வெள்ளைக் கொடிகள் ஏறின. துணியை மாத்தறையிலிருந்து யாரோ எழுதிக் கொண்டுவந்தார்கள். உபேக்ஷா சாவு வீட்டு வாசலை மிதித்தபோது வெற்றிலைத் தட்டை நீட்டியவன் கையை இழுத்துக்கொண்டான். செத்தவரின் மைத்துனர் லயனல், "இனி ஆரின்ர பேரை அளவெடுக்க வந்தனி?" என்று சிரிக்காமல் கேட்டார். அவள் திரும்பிவிட்டாள். ஊர் என்னவும் சொல்லட்டும். ஞானரத்னவின் மகள் சிதாரா அவளோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளி வாங்கில் இருந்தவள். அவள் ஒரு வார்த்தையும் பேசாததுதான் நெஞ்சை அறுத்தது.

ஐந்தாம் நாள் சிதாராவே கூப்பிட்டு விட்டாள். மேசையில் நாற்பது கொப்பிகள் இருந்தன. ஏழாம் நாள் தானத்தில் விகாரையின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியவை. ஒவ்வொன்றின் அட்டையிலும் அப்பாவின் பெயர் வேண்டும்.

"எழுது. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

உபேக்ஷா எழுதினாள். சிதாரா முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்திருந்தாள். இருபதாவது கொப்பியில் சொன்னாள்:

"உன்ர கை நடுங்கவேயில்லையடி."

"நடுங்கினால் கோடு கெட்டுப்போம்."

"கெட்டால் என்ன?"

உபேக்ஷா அடுத்த கொப்பியை இழுத்தாள். இன்னும் சில அட்டைகள் நிறைந்தன.

"உனக்கு அப்பாவைப் பிடிக்குமோ, அப்பாவின்ர பேர் எழுத்தைப் பிடிக்குமோ? பொய் சொல்லாதை."

உபேக்ஷா தூரிகையை நிமிர்த்திப் பிடித்தாள். மை சொட்டியது. "எழுத்தைத்தான். அப்பாவோட நான் பெரிசாக் கதைச்சதேயில்லை. விமலசூரிய மாமா வந்து சொன்ன பிறகுதான் அது ஒரு ஆளின்ர பேர் எண்டே விளங்கினது."

சிதாரா சொட்டிய மையைத் துணித்துண்டால் ஒற்றினாள்.

"கள்ளியெண்டால் 'அப்பாவை' எண்டு சொல்லி அழுதிருப்பாய்," என்றாள். "நீ அவரைக் கொல்லேல்லை. நீ அவரைப் பாக்கவேயில்லை." பிறகு தாழ்ந்த குரலில், "அதையும் நான் மன்னிக்கோணும். கொஞ்ச நாள் போகட்டும்."

கதவில் நிழல் விழுந்தது. லயனல் உள்ளே வந்து, மைப்புட்டியை எடுத்து மூடி, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். சிதாரா எழுந்து போய்த் தடுக்கவில்லை. உபேக்ஷா தூரிகையைப் பாவாடை ஓரத்தில் துடைத்தாள்.

எழுதி முடிந்தவை முப்பத்தொன்று. ஒன்பது கொப்பிகள் பெயரில்லாமலே விகாரைக்குப் போயின.