வில்லங்கமில்லாத படம்

பத்திரம் எழுதுவது என் தொழில். செஞ்சி ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே உள்ள தகரக் கொட்டகையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மற்ற நாட்களில் அடுத்தவர் நிலத்துக்கு நான்கெல்லை எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். போன இடம், புறப்பட்ட நேரம், வெளிச்சம் விழுந்த திசை, எடுத்த படங்கள் எத்தனை, அழித்தவை எத்தனை என்று அன்றன்றைக்கே டைரியில் எழுதிவிடுவது வழக்கம். அழித்த எண்ணிக்கைதான் எப்போதும் அதிகமாக இருக்கும்.

நான் நல்ல புகைப்படக்காரன் இல்லை. அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. என் படங்களில் கோடுகள் நேராக இருக்கும், எல்லாம் தெளிவாக இருக்கும், ஆனால் எதுவும் நடக்காது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையை நான் எடுக்காத கோணம் கிடையாது. அத்தனையையும் ஒரு நாள் பார்த்து முடித்துவிட்டு, "மலை எங்கியும் போயிடல, அங்கியேதான் இருக்குது" என்றாள் என் மனைவி.

என்னோடு வந்துகொண்டிருந்தவன் என்னைவிட எட்டு வயது சின்னவன். பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். எங்கள் வீட்டு மோட்டார் எரிந்துபோய் அவன் பட்டறையில் காத்திருந்தபோது தன் செல்லில் எடுத்திருந்த படங்களைக் காட்டினான். கரிந்த காயில்கள், செம்புக் கம்பியில் ஒடிந்து விழும் வெயில், கிரீஸ் கையோடு சோறு சாப்பிடும் ஒருவர். எனக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்த ஞாயிறே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அது பதினோரு வருடம் நடந்தது. ஒரே வண்டி, ஒரே கேமரா. கேமரா என்னுடையது. அவன் செல்லில் எடுத்துக்கொள்வான், என் ஸ்டாண்டையும் தூக்கி வருவான். ஸ்டாண்டை அவன் தூக்குவது என்று எப்போது முடிவானது என்று பின்னால் டைரியைப் புரட்டிப் பார்த்தேன். எங்குமே எழுதியிருக்கவில்லை.

கோட்டைக்குள் ஸ்டாண்டு கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் சுற்று ஊர்களுக்குத்தான் அதிகம் போவோம். சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிறு தொண்டூர் போனோம். சமணர் படுக்கைகள் உள்ள பாறையில் ஏறி, கிழக்குச் சரிவில் ஸ்டாண்டை ஊன்றினேன். கீழே தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். மஞ்சள் கோடுபோல நீண்டு கிடந்த நெல்லுக்கு அப்பால் ஒரு கரும்பாறைக் குன்று, அதன் மேல் மேகம் திரண்டுகொண்டிருந்தது. மேகத்தில் ஓர் இடைவெளி விழுந்து நெல்லின் மேல் மட்டும் வெயில் பட வேண்டும். அந்தப் படத்துக்காக நீள லென்ஸ் போட்டு, எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, ஒரு மணி பத்து நிமிடம் காத்திருந்தேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு. நான்கே காலுக்கு மேல் அடக்க முடியவில்லை.

"கேமராவத் தொடாத. காத்துல சாயாமப் பாத்துக்கோ" என்றேன்.

"சரிண்ணா. மழை பெய்யறதுக்கு முன்ன நீ பெஞ்சிட்டு வந்துடு" என்றான்.

பாறைக்குப் பின்னால் பள்ளத்தில் இறங்கினேன். திரும்பி ஏறும்போது பாதி வழியில் காற்று கிளம்பியது. கீழே பெண்கள் கத்துவது கேட்டது. மேலே பட்டன் அழுத்தும் சத்தமும் கேட்டது. நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நெல்லின் மேல் நீலத் தார்ப்பாயைப் போட்டு ஓரங்களில் கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய துளிகளாக விழ ஆரம்பித்திருந்தது.

"தொடாதன்ன, தொட்டுட்டேண்ணா!" என்றான். "தார்ப்பாய் அப்பிடியே வீடு ஒசரம் எழும்பிடுச்சு. ஒரு அம்மா முனைய வுடவே இல்ல. ரெண்டு காலும் தரையில இல்லண்ணா! கத்துது, ஆனா சிரிக்குது. புருஷங்காரன் நெல்லு மேல வுழுந்து பொரள்றான். அது அவனப் பாத்துட்டு இன்னும் சிரிக்குது."

என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் இதையே என் மனைவியிடமும் சொன்னான். கைகளை மேலே தூக்கி, நுனிக்காலில் எழும்பி நடித்துக் காட்டினான்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஏழு படங்கள். நான்காவதில் தார்ப்பாய் பாய்மரம்போல் உப்பி நிற்கிறது. அதன் முனையில் தொங்கும் பெண்ணின் பாதங்களுக்கும் தாருக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம். பின்னால் நான் எதிர்பார்த்த அதே குன்று, அதே மேகம். நான் ஆயுளுக்கும் எடுக்க முடியாத படம்.

"இது யாரு எடுத்தது?" என்றாள் மனைவி.

"நம்ம கேமராதான்."

"கேமரா எதுன்னு நான் கேக்கலியே."

டைரியில் அன்று எழுதியது இது: 'நான் கீழே இருந்தேன். அவன் அழுத்தினான். ஏழு. நான்காவது நன்று.' தொழில் பழக்கத்தில் சரியாகவே எழுதியிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்துப் பாண்டியில் புகைப்பட ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி நடத்தப்போவதாகத் தெரிந்தது. நான்காவது படத்தை அனுப்பினேன். இடம் தேர்ந்தது நான், ஸ்டாண்டு ஊன்றியது நான், லென்ஸும் வெளிச்ச அளவும் நான் வைத்தவை, காத்திருந்தது நான். ஆறு நிமிடம் நான் இல்லாததால் மட்டும் படம் எப்படி இன்னொருவருடையதாகும் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். கேமரா வாங்கிய அன்றே அதன் செட்டிங்கில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரைப் பதித்திருந்தேன். எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது தானாகவே ஏறிவிடும். இதற்குள்ளும் ஏறியிருந்தது.

விண்ணப்பத்தின் கடைசியில், இப்படம் என்னால் எடுக்கப்பட்டது, இதில் வேறு எவருக்கும் உரிமையில்லை என்று ஒரு வரி இருந்தது. சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை என்ற வரியைப் பார்ட்டிகளுக்கு இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். இதை ஒரு முறைகூடப் படிக்காதவன்போல் கையெழுத்துப் போட்டேன்.

படம் தேர்வாகி, என் பெயரோடு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. அடுத்த முகூர்த்த நாளில், கொட்டகையில் கூட்டம் நிறைந்திருந்தபோது அவன் வந்தான். சட்டையில் வார்னிஷ் வாடை அடித்தது.

"இன்னாண்ணா, எனக்குத் தெரியாமயே பத்திரம் ரிஜிஸ்டர் ஆயிடுச்சாமே" என்றான்.

"வா, உக்காரு."

"உக்கார வரல. படம் நல்லா இருக்குது. கீழ உம்பேரு அதவிட நல்லா இருக்குது."

நான் குரலைத் தாழ்த்தி எனக்குச் சொல்லிக்கொண்டதையெல்லாம் அவனுக்கும் சொன்னேன். இடம், ஸ்டாண்டு, லென்ஸ். "நீ பட்டனத்தான அழுத்தின?"

"ஆமா, பட்டன்தான். அந்தப் பட்டனத் தொடத்தான் பதினோரு வருஷமா உன் ஸ்டாண்டத் தூக்கினு வந்தேன்."

பெஞ்சில் காத்திருந்த பெரியவர் ஒருவர் எங்கள் பக்கம் திரும்பி, "இன்னாபா, பாகப்பிரிவினைத் தகராறா?" என்றார்.

"ஆமா பெரியவரே. ஒரு வெரலு என்னுது. மீதி ஒம்போதும் இவருது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வெளியே வண்டிவரை கூடப் போனேன். அங்கே நின்று வேறு குரலில் பேசினான். "எனக்குப் பரிசு, மேடை எதுவும் வேணாண்ணா. படத்துக்குக் கீழ சீட்டு ஒட்டுவாங்க இல்ல, அதுல உம்பேருக்குப் பக்கத்துல எம்பேரையும் போடச் சொல்லு. கண்காட்சி முடியற கடைசி ஞாயித்துக்கெழம எம்பொண்ணக் கூட்டினு போய்க் காட்டறேன். அது போதும்."

"சொல்றேன்" என்றேன்.

திறப்பு விழாவுக்கு மனைவியோடு போனேன். படத்தை நான் நினைத்ததைவிடப் பெரிதாக அச்சடித்து, வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார்கள். சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியவரைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடிக்கொண்டிருந்தேன் என்றுதான் டைரியிலும் இருக்கிறது. அவர் என் அருகிலேயே நின்று தேநீர் குடித்தார். பிறகு மேடைக்கு அழைத்து, இந்த நொடி எப்படிச் சிக்கியது, சொல்லுங்கள் என்றார்கள்.

சொன்னேன். தார்ப்பாய் வீட்டு உயரம் எழும்பியதைச் சொன்னேன். அந்த அம்மாள் முனையை விடாததை, கத்திக்கொண்டே சிரித்ததை, கணவர் நெல்லின் மேல் விழுந்து புரண்டதைச் சொன்னேன். கைகளை மேலே தூக்கி, நுனிக்காலில் எழும்பியும் காட்டினேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

திண்டிவனத்தில் பஸ் மாறக் காத்திருந்தபோது மனைவி கேட்டாள். "புருஷங்காரன் வுழுந்ததப் பாத்தீங்களா நீங்க?"

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம வாசல்ல நின்னு அவரு சொன்னது. ஒரு வார்த்த மாறல. காலத் தூக்கினதுகூட மாறல."

மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் கண்காட்சிக்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். நல்ல கடிதம் அது. படம் எடுத்த இடம், நேரம், நான் நின்ற இடம், அவன் நின்ற இடம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, டைரியின் அந்தப் பக்கத்தையும் படமெடுத்து இணைத்தேன். அவன் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டேன். மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது. நான் கொடுத்த உறுதிமொழி பொய் என்பதால் படம் விலக்கப்படுகிறது. படம் எடுத்தவர் விண்ணப்பிக்கவில்லை என்பதால் அவர் பெயரிலும் வைக்க இயலாது.

அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன். பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. இரண்டு முறை அவன் பட்டறை வழியாகப் போனேன். ஒரு மோட்டாரின் மேல் குனிந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்தவில்லை. கடைசி ஞாயிறு என்று அவன் சொன்னது மறந்துவிட்டது என்று எழுதினால் எனக்கு வசதி. மறக்கவில்லை. அவ்வளவு கோபத்தோடு கொட்டகைக்கு வந்தவன் பஸ் ஏறிப் பாண்டிவரை போகமாட்டான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றே காலுக்குப் போன் வந்தது.

"ண்ணா, மூணு தடவ சுத்திட்டோம். எந்தச் செவுத்துல மாட்டிக்கீறாங்க? எல்லாம் இருக்குது, நம்மளது மட்டும் காணோம்."

நம்மளது என்றான். ஆள் நடமாட்டத்தின் எதிரொலிக்கு நடுவே ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது. "நைனா, அந்த ரூம்லயும் இல்ல நைனா. வாசலுக்கு நேரா ஒரு எடம் மட்டும் காலியா இருக்குது."

நடந்ததைச் சொன்னேன். உண்மையை எழுதி அனுப்பிவிட்டதை, அவர்கள் விதியை, பதிலை, எல்லாவற்றையும் முறையாகச் சொன்னேன்.

"சீட்டுல பேருதான கேட்டேன்" என்றான் கடைசியில்.

"பொய்ய வெச்சுக்கினு என்னால இருக்க முடியல."

"அதான் எறக்கி வெச்சுட்ட. நாங்க கெளம்பறதுக்கு முன்ன எனக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம். புதுத்துணி போட்டுக் கூட்டினு வந்தேன்."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான் போலிருந்தது. ஆனால் இணைப்பைத் துண்டிக்கவில்லை. மகளிடம் அவன் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"அண்ணன்தான் பேசனாரு. நம்ம படத்த மெட்ராஸ்ல வெக்கறதுக்கு எடுத்துனு போயிட்டாங்களாம். அங்க இன்னும் பெருசா வெப்பாங்களாம். நீ வா, பீச்சப் பாத்துட்டுப் போலாம்."