மஞ்சள் போன தட்டு

தமாகி பத்தொன்பது வருடங்களாக மண் கிருமிகளை வளர்த்து வருகிறாள். கிருமி வளர்க்கும் பழைய கண்ணாடித் தட்டில் புள்ளியாக முளைத்த கிருமிக் கூட்டத்தை ஊசியால் தொட்டுப் புதிய தட்டுக்கு மாற்றுவதுதான் அவள் வேலை. குஷிரோ என்ற ஊரின் சதுப்பு நில மண்ணில் கிடைத்த கிருமி ஒன்று, எந்த மருந்துக்கும் அடங்காத நோய்க்கிருமிகளைக் கொல்லும் மஞ்சள் நீரைச் சுரந்தது. அது இன்னும் அதிகமாகச் சுரக்க, ஆய்வுக்கூடத்தில் அதற்கான மரபணுவை இரட்டிப்பாக்கியிருந்தார்கள்.

அன்று காலை மூடியைத் திறந்தபோது மழை பெய்த மண்ணின் வாசனை வந்தது. மஞ்சளைத்தான் காணவில்லை.

"என்ன தமாகி-சான், தட்டுல ஜோசியம் பாக்குறீங்களா?" என்றார் பக்கத்து மேசை நெமோதோ.

அவள் தட்டைக் காட்டினாள். அவர் சிரிப்பு நின்றது.

"ஒவ்வொரு தடவையும் எதை எடுத்து மாத்துனீங்க?"

"கொழுகொழுன்னு இருந்ததை. அதுதானே நல்லா இருக்கும்?"

"மருந்து சுரக்கறது பெரிய பாடுங்க. அந்த மரபணுவைத் தொலைச்ச சோம்பேறிதான் சீக்கிரம் கொழுக்கும்."

நோஞ்சான் என்று அவள் ஒதுக்கியவைதான் மருந்து சுரந்தவை. அந்தக் கிருமியில் மிச்சம் இருந்தது, முன்பு உறைபெட்டியில் எடுத்து வைத்த ஒரே ஒரு குப்பி. மண் எடுத்த இடத்தில் இப்போது சாலை ஓடுகிறது.

குப்பியில் உறைந்திருந்ததை உருக்கித் தட்டில் பரப்பினாள். ஐந்து நாள் காத்திருந்தாள். ஆறாம் நாள் அதிலும் கொழுத்த புள்ளிகள் ஏழு இருந்தன. ஓரத்தில் மெலிந்த ஒன்று, சுற்றிலும் நகக்கண் அளவு மஞ்சளோடு.

ஊசியை எடுத்தாள். பழக்கத்தில் கை கொழுத்ததன் பக்கமே போனது. இடக்கையால் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.