தலைதட்டிய அளவு

எங்கள் அப்பா சீனி நிறுப்பதை வேடிக்கை பார்க்கவே மலாயாவின் கூலாய் ஊரில் சிலர் கடைக்கு வருவார்கள். சீனி கட்டும் காகிதத்துக்கும் எடை உண்டல்லவா? அதற்காக அதே அளவு காகிதம் ஒன்றைக் கிழித்து, கல் இருக்கும் தட்டிலும் போடுவார். சீனித் தட்டில் அழுக்கிருந்தால் வாங்குகிறவருக்கு நஷ்டம், கல்லில் அழுக்கிருந்தால் எங்களுக்கு நஷ்டம். யாருக்கு நஷ்டம் என்றெல்லாம் அப்பா பார்க்கமாட்டார். இரண்டையும் துடைத்துக்கொண்டே இருப்பார். எதிர்க்கடைச் சீனர் வாசலில் நின்று சிரிப்பார். அவர் சிரிக்கச் சிரிக்க அப்பாவுக்குப் பெருமை கூடும்.

எல்லாம் வேதம் படித்ததால் வந்த வினை. ஒரே பையில் பெரிய கல்லும் சின்னக் கல்லுமாக இரண்டு வகை வைத்திருக்கக் கூடாது என்பது மோசே காலத்துக் கட்டளை. இதை அப்பா எனக்கு நடக்கப் பழக்கியபோதே சேர்த்துப் பழக்கிவிட்டார் என்று நினைக்கிறேன். தோட்டத்து ஆட்களுக்கும், கம்பம் என்கிற கிராமத்து மலாய்க்காரர்களுக்கும், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கும் ஒரே கல்தான். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த அந்தக் கெட்ட காலத்திலும் கல் மாறவில்லை.

அரிசி மட்டும் அத்தையின் பொறுப்பு. அப்பாவின் தங்கை அவள். அம்மா இறந்த பிறகு என்னை வளர்ப்பதற்கென்றே ஊரிலிருந்து வந்தவள். காந்தாங் என்ற மர அளவையில் அரிசியைக் கொட்டி, உருட்டுக்கட்டையால் ஒரே இழுப்பு இழுத்துத் தலைதட்டித் தருவாள். கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். அவள் கை அப்பாவின் தராசுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை.

ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் அந்தக் கை தவறிவிடும். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர், எங்கள் ஜெபக்கூடத்துக்கு வருகிறவர். சபையில் பெரியவர்கள் எல்லாரையும் போல அவரையும் நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் சாக்குப்பையோடு வந்து நிற்பார். அத்தை அரிசியைக் கொட்டுவாள், கட்டையைக் கையில் எடுப்பாள், இழுக்க மறந்துவிடுவாள். குவியலாகவே அவர் பைக்குள் போய்விடும்.

மறுநாள் ஞாயிறு. ஜெபக்கூட வாசலில் அவர் ஒரு கைக்குட்டை முடிச்சோடு நிற்பார்.

“கூடுதலா விழுந்துருச்சுங்க. வீட்டுல அளந்து பார்த்தேன்.”

அத்தை முடிச்சை வாங்கிக்கொள்வாள். கைக்குட்டையைத் துவைத்து, மடித்து, அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுப்பாள். அன்றைக்கும் கட்டையை இழுக்க மறந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை முடிச்சு திரும்பி வரும். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கைப்பிடி அரிசி எங்கள் கடைக்கும் அந்தத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குமாக நடந்துகொண்டிருந்தது.

அப்பாவுக்கு அந்த மனிதர்மேல் கொள்ளைப் பிரியம். கூடுதலாக வந்ததைத் திருப்பித் தருகிற ஆள் இந்தக் காலத்தில் உண்டா என்று சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். அத்தையைத்தான் கடிந்துகொள்வார். அவளும் விடமாட்டாள்.

“அமுக்கிக் குலுக்கி, சரிஞ்சு விழுற மாதிரி அளக்கணும்னும் வேதத்துல இருக்கில்ல அண்ணே?”

“அது குடுக்குறவங்களுக்கு. நாம விக்கிறவங்க” என்று அப்பா முடித்துவிடுவார். எனக்கோ, இத்தனை கெட்டிக்கார அத்தைக்கு இது ஏன் வரவில்லை என்று மனவருத்தம். அவள் பக்கத்தில் நின்று, “கட்டை, அத்தே, கட்டை” என்று ஞாபகப்படுத்திக்கூடப் பார்த்தேன். அவள் முகம் சிவந்ததே தவிர, கட்டை நகரவில்லை.

மழை விட்ட பிறகு எங்கள் சபை உபதேசியார் ஒருநாள் கடைக்கு வந்து, அப்பாவிடம் தணிந்த குரலில் பேசினார். அந்த மாமா அத்தையைக் கட்டிக்கொள்ளக் கேட்டு அனுப்பியிருந்தார். நான் கடலை டின் பக்கத்தில் இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. எனக்கு ஒரே குதூகலம்.

“தங்கமான பையன்தான் ஐயா. யாரு இல்லேன்னது?” என்றார் அப்பா. “ஆனா நம்ம ஆளுங்க இல்லீங்களே.”

சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்றைக்கும் அப்பா அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அது எத்தனை சுலபமாக வந்து உட்கார்ந்துகொண்டது!

உபதேசியார் போனதும் அத்தை உள்ளேயிருந்து வந்தாள். சத்தம் போடவில்லை.

“சீனிக்கு ஒரு கல்லு, ஆளுக்கு ஒரு கல்லா அண்ணே?”

அப்பா துணியை எடுத்துத் தராசைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்திருந்த தராசு. அவள் முகத்தைப் பாராமலே சொன்னார்.

“ஒனக்கு இஷ்டம்னா போ. நான் கையப் புடிச்சு நிறுத்தல. ஆனா அப்புறம் இந்த வாசப்படி ஏறக் கூடாது. புள்ளையப் பார்க்கவும் வரக் கூடாது.”

புள்ளை என்றது என்னைத்தான். அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கடலை தின்றுகொண்டிருந்தேன். அப்படி அவள் என்னைப் பார்த்ததேயில்லை. தலையிலிருந்து கால்வரை, கடையில் ஒரு சாமானை வாங்கலாமா வேண்டாமா என்று பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். கடலை கேட்கிறாள் போலிருக்கிறது என்று கையை நீட்டினேன். ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமையும் மாமா வந்தார். வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வெளுத்து மடித்த சட்டை போட்டிருந்தார். அப்பா பின்கட்டுக்குப் போய்விட்டார். அத்தை காந்தாங்கில் அரிசியைக் கொட்டினாள். கட்டையை எடுத்தாள். ஒரே இழுப்பு. ஒரு மணி கூட மேலே நிற்கவில்லை. அப்படியே அவர் பையில் கவிழ்த்துவிட்டு, மடித்துவைத்திருந்த கைக்குட்டையை மேலே வைத்தாள்.

அவர் பையைக் கட்டாமல் அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னிக்கு சரியா இருக்குங்களா?”

“சரியா இருக்குங்க” என்றாள் அத்தை.

அவர் என் தலையில் கைவைத்துவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டித் தோட்டத்துப் பாதையில் நடந்தார். அதன்பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை. அடுத்து வந்த கப்பலில் ஊருக்குத் திரும்பப் பேர் கொடுத்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

அத்தை எனக்குக் கல்யாணமாகும்வரை அந்த வீட்டிலேயே இருந்தாள். இப்போது அவள் இல்லை. இருந்தால் காலைக் கட்டிக்கொண்டு கேட்பதற்கு எனக்கு எவ்வளவோ இருக்கிறது. அந்த நாளில் எனக்குக் கேட்கத் தெரிந்ததெல்லாம் வேறு. பின்கட்டுக்கு ஓடி, “அப்பா, இன்னிக்கு அத்தே சரியா அளந்துட்டாங்க!” என்று கத்தினேன். திரும்பி வந்து அத்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இனிமேல் எப்போதும் இப்படியே அளக்க வேண்டும் என்றேன்.

“அளக்குறேன்மா” என்று சொல்லி, என்னை முன்னால் உட்காரவைத்துத் தலைவாரிவிட ஆரம்பித்தாள்.