சீஸ் தட்டிப் பார்த்த காது

எவரிஸ்தோ கந்தோனி செத்த மறுநாள் எங்கள் ஊர்ப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். பிறவி இசைமேதையாம், மென்மையான மனிதராம். மென்மையாவது மண்ணாங்கட்டியாவது! எழுதின பயலுக்கு முப்பது வயசுகூட இருக்காது. அந்த மனிதர் இருபத்தோரு வருஷம் காஸ்தெல்ரோவோ ஓபரா மாளிகைக்கு மேனேஜராக இருந்தார். அத்தனை வருஷமும் மேடை விளிம்பில், தலை மட்டும் வெளியே தெரிகிற குழிக்குள் உட்கார்ந்து, பாடுகிறவர்களுக்கு அடி எடுத்துக் கொடுத்தவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அவருக்கு ஒரு சுரம்கூடப் படிக்கத் தெரியாது. தொழில், சீஸ் தட்டுவது.

எங்கள் பக்கத்தில் சீஸ் என்றால் ஒரு ஆள் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டிய சக்கரம். ஒரு வருஷம் பலகைமேல் கிடந்து பதமானபிறகு சின்னச் சுத்தியலோடு ஒருவர் வருவார். வெட்டிப் பார்க்க முடியாது, வெட்டினால் போச்சு. காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே, கீழே, சுற்றிலும் தட்டுவார். உள்ளே ஓட்டையோ கீறலோ இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு சொல்வார்: முதல் தரம், இரண்டாம் தரம், தள்ளுபடி. அவர் சொன்னால் சொன்னதுதான். எவரிஸ்தோவுடைய அப்பா அந்த வேலை பார்த்தார், பதினாறு வயதில் இவரும் சுத்தியலை எடுத்தார். அந்தக் காது தப்பு செய்தது என்று எந்த வியாபாரியும் சொன்னதில்லை.

அந்தக் காதோடுதான் சாயங்காலம் ஓபராவுக்கு வருவார். உட்காருவது கூரைக்குக் கீழே, மேல்மாடியில். கீழே இருக்கிற கனவான்கள் எதற்கும் கைதட்டுவார்கள். மேல்மாடிக்காரர்கள் அப்படியில்லை. சவரக்காரர், கசாப்புக்காரர், செங்கல் சூளைக்காரர், எல்லோருக்கும் பாட்டு மனப்பாடம். பிடிக்கவில்லையா, பையிலிருந்து பெரிய இரும்புச் சாவியை எடுத்து அதன் ஓட்டையில் ஊதுவார்கள். எங்கள் ஊரில் விசில் என்றால் பாராட்டு இல்லை, செருப்படி. எவரிஸ்தோவிடம் இருந்தது சீஸ் கிடங்குச் சாவி, ஒரு சாண் நீளம். அது ஊதினால் ரயில் வந்த மாதிரி இருக்கும். அவர் ஊதினால்தான் மற்றவர்கள் ஊதுவார்கள்.

எனக்கும் ஊதினார். 1937, எனக்கு இருபத்தொரு வயது. மாவு மில் கம்பரெல்லியின் மகள் யோலே, ஆறு வருஷம் பாட்டுப் படித்துவிட்டு, சொந்த ஊர் மேடையில் முதல் முறையாக நின்றேன். பதினொரு வரி பாடினேன். பன்னிரண்டாம் வரியில் அந்த ரயில் வந்தது. அதன் பின்னாலேயே முப்பது சாவி. நான் ஓடினேன். ஒரு காலணி மேடையிலேயே கிடந்தது, அதைத் திரும்ப எடுக்கக்கூடப் போகவில்லை.

அப்புறம் எந்த மேடையும் ஏறவில்லை. போர் வந்தது, போனது. பழைய ஆளுக்குக் காது மந்தமானதும் அடி எடுத்துக் கொடுக்கிற குழி எனக்குக் கிடைத்தது. எல்லாப் பாட்டும் தெரியுமே! எல்லோரும் "பாவம், யோலே" என்றார்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். என் நெஞ்சை அரித்தது வேறு ஒன்று. அந்தப் பாட்டில் இன்னும் முப்பது வரி இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. நான் உண்மையிலேயே உதவாக்கரையா, இல்லை தேறக்கூடியவளா? அதைச் சொல்லக்கூடிய காது ஊரில் ஒன்றுதான். அது அந்த ஆளிடம் இருந்தது. அதுதான் என் தலையெழுத்து.

ஐம்பதுகளில் எங்கள் மாளிகைக்கு மேனேஜர் நிலைக்கவே இல்லை. ஐந்து வருஷத்தில் நாலு பேர். மிலானிலிருந்து வந்த ஒருவர் இரண்டாம் அங்கத்தின் நடுவிலேயே தொப்பியை விட்டுவிட்டு ரயிலேறினார். கடைசியில் மேயர் மூச்சிரைக்க மேல்மாடிப் படி ஏறி வந்தார்.

"எவன் வந்தாலும் விரட்டுறியே எவரிஸ்தோ, நீயே நடத்திக் காட்டேன்யா!"

"சரி."

"என்ன சரி?"

"நடத்துறேன்னு சொல்றேன். மாளிகைச் சாவியைக் குடுங்க."

மேயர் கோபத்தில் சொன்ன சொல், இப்போது விழுங்கவும் முடியாது. "ஒரே ஒரு வாய்ப்புதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஸ்தெஃபான் திருநாள் அன்னிக்கு முதல் ஓபரா. அன்னிக்கு ரகளை ஆச்சுன்னா மறுநாளே இது சினிமாக் கொட்டகை. பார்த்துக்க."

பக்கத்தில் இருந்த சவரக்கார புரூதோ தலையிலடித்துக்கொண்டார். "ரகளை பண்றவனே மேனேஜர் ஆயிட்டா நாங்க எங்கய்யா போறது?"

இந்தச் செய்தி காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறைப்பானேன்? வாடா மகனே, இப்போ நீ கீழே நில்லு, மேலேயிருந்து ஊதட்டும் என்று நினைத்தேன்.

வந்த முதல் நாள் சுத்தியலோடு மேடைமேல் மண்டியிட்டு, பலகை பலகையாகத் தட்டினார். இரண்டு பலகையில் நிறுத்தி, "இது சொத்தை" என்றார். தச்சர் சிரித்தார். கழற்றிப் பார்த்தால் அடியில் புழு அரித்து மாவாகக் கிடந்தது. அதற்கப்புறம் தச்சர் சிரிக்கவில்லை.

பாடகி தேட ஆரம்பித்தார். பெரிய பேர் யாரும் எங்கள் ஊருக்கு வரமாட்டார்கள், பயம். மலைப்பக்கத்திலிருந்து மிலேனா என்று ஒரு பெண் வந்தாள், இருபத்துமூன்று வயது, இதுவரை மேடை ஏறாதவள். எவரிஸ்தோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். காலையில் வெறும் வயிற்றோடு பாட வைத்தார். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டபின் பாட வைத்தார். மேல்மாடிவரை ஓடிப் போய் ஓடி வரச் சொல்லி, அந்த இரைப்போடு பாட வைத்தார்.

"எதுக்குய்யா இந்தக் கொடுமை?" என்றேன் குழிக்குள்ளிருந்து.

"எல்லாப் பக்கமும் தட்டணும் யோலே. ஒரு பக்கம் தட்டிச் சொல்லிட முடியாது."

எனக்குச் சுரீரென்றது. "என்னை ஒரு பக்கம்தானே தட்டினீங்க? ஞாபகம் இருக்கா?"

அவர் முகம் செக்கச்செவேலென்று ஆயிற்று. "இருக்கு" என்றார். அவ்வளவுதான். சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஸ்தெஃபான் திருநாள் வந்தது. ஊரெல்லாம் கோழிச்சாற்றில் மிதக்கிற அனோலினிக் கொழுக்கட்டையைச் சாப்பிட்டது. சாயங்காலம் மாளிகைக்கு எதிரே இருந்த ஒயின் கடையில் மேல்மாடிக்கூட்டம் கூடியிருந்தது. நானும் ஒரு ஓரத்தில் இருந்தேன். எவரிஸ்தோ உள்ளே வந்தார், புதுக் கோட்டு.

"கோட்டைப் பாரு, சீஸ்காரன் மாப்பிள்ளை ஆயிட்டான்" என்றார் ஒருவர்.

புரூதோ ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினார். "இங்க பாரு எவரிஸ்தோ, சிநேகிதம் இந்த மேசையோட சரி. மேல ஏறிட்டா எனக்கு நீ யாரோ, நான் யாரோ. சரியில்லன்னா ஊதிடுவேன்."

"ஊதலைன்னாதான் உன் கடைல முகம் மழிச்சுக்க மாட்டேன்" என்றார் எவரிஸ்தோ. ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

திரை தூக்கினார்கள். மிலேனா வந்தாள். முதல் பாட்டில் மேலே போகும்போது குரல் பிசிறு தட்டியது. பயம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் உடனே மேலேயிருந்து நீளமாக ஒரு விசில். புரூதோ. பிறகு பத்து சாவி, பதினைந்து சாவி. அந்தப் பெண் குனிந்து என் குழியைப் பார்த்தாள். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் என் முகத்தில் இருந்த கண் அது.

எவரிஸ்தோ ஒழியட்டும் என்று காத்திருந்தவள்தான் நான். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும், அடுத்த வரி தெரியாமல் அவள் ஓடியிருப்பாள், மாளிகை சினிமாக் கொட்டகை ஆகியிருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நினைப்பு வந்தது. ஆனால் அவள் ஓடினால் ஓடுவது அவள் மட்டுமா? "நில்லுடி! ஓடாதே!" என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு, வரிக்கு வரி எடுத்துக் கொடுத்தேன். எப்படியோ முதல் அங்கம் முடிந்தது. திரை விழுந்ததும் மேல்மாடி முழுக்கக் காலால் தரையை உதைத்தது. "சினிமா போடு! சினிமா போடு!" என்று கத்தல். மேயர் தன் இடத்தைவிட்டு எழுந்துவிட்டார்.

அப்போது எவரிஸ்தோ திரைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் காலணி என் மூக்குக்கு நேரே இருந்தது.

"போடா சீஸ்காரா!" என்று ஒரு குரல்.

அவர் பைக்குள் கைவிட்டு அந்தக் கிடங்குச் சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினார். அதைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது. அதைத் தெரியாதவர்கள் ஊரில் யார்?

"இதை ஊதி நான் இங்க ஒரு பொண்ணை விரட்டினேன். நம்ம மில்லுக்காரர் மக. புரூதோ, நீ என் பக்கத்துலதான் இருந்தே. உள்ளூர் மாடு விலை போகாதுன்னு ஒயின் கடையிலயே பேசி முடிச்சுட்டுதான் மேல ஏறினோம். சீஸை நான் நாலு பக்கமும் தட்டுவேன், புரட்டிப் போட்டும் தட்டுவேன். அந்தப் பொண்ணை ஒரே தட்டு. அது என் தொழிலுக்கே அசிங்கம். இவளை ஊத வேணாம்னு நான் சொல்லல. மூணு அங்கமும் கேளுங்க. அப்புறமும் சரியில்லன்னா, நானே மேல வந்து உங்களோட ஊதறேன்."

யாரோ ஒருவர் கேட்டார்: "அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

எவரிஸ்தோ விரலைக் கீழே காட்டினார்.

எண்ணூறு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். என் முகம் தீயாகக் காந்தியது. அந்த ஆளுக்கு முன்னால் அழுவேனா நான்? "பிரசங்கம் போதும்யா! திரையைத் தூக்கு, பொண்ணு தொண்டை ஆறிடப் போகுது!" என்று கத்தினேன். மேல்மாடி இடிகிற மாதிரி சிரித்தது. அந்தச் சிரிப்போடு திரை தூக்கினார்கள்.

இரண்டாம் அங்கத்தில் மிலேனா நிமிர்ந்தாள். மூன்றாவதில் அவள் பாடின பாட்டுக்கு நான் அடி எடுத்துக் கொடுக்கவே மறந்துபோனேன். அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. முடிந்ததும் புரூதோ எழுந்து, "இன்னொரு தடவை! நான் பாதியில தூங்கிட்டேன்!" என்று கத்தினார். பொய். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேயர் அப்புறம் சினிமா என்ற பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு எவரிஸ்தோ இருபத்தோரு சீசன் நடத்தினார். குளிருகிறது, தனி அடுப்பு வேண்டும் என்று அடம்பிடித்த ஒரு பெரிய பாடகரிடம், "பாடுங்க, தானா வேர்க்கும்" என்றார். ஒரு வருஷம் போ ஆற்றுப் பனிமூட்டத்தில் வாத்தியக்காரர்களுடைய பஸ் வழியில் நின்றுவிட்டது. அவர்கள் வரும்வரை மேல்மாடிக்காரர்களையே கோஷ்டிப் பாட்டு பாட வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினார். ஊதுகிற உரிமையை மட்டும் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. மூன்று தடவை அவர் கொண்டுவந்தவர்களை ஊதினார்கள். மூன்று தடவையும், "சரியாத்தான் ஊதினாங்க" என்று அவரே சொன்னார். பத்திரிகைக்காரப் பயலுக்கு இதெல்லாம் தெரியாது.

அவனுக்கு மட்டுமல்ல, யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. அது ஸ்தெஃபான் திருநாளுக்கு மறுநாள் காலை. நான் வசனப் புத்தகத்தை எடுக்க மாளிகைக்குப் போனேன். உள்ளே யாரும் இல்லை. மேடையில் ஏறினபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"யோலே, பாடு."

நிமிர்ந்து பார்த்தேன். தன் பழைய இடத்தில், அதே மூலையில், எவரிஸ்தோ உட்கார்ந்திருந்தார்.

"பைத்தியமா உங்களுக்கு? எனக்கு நாப்பத்திரண்டு வயசு."

"பன்னிரண்டாம் வரியிலேர்ந்து பாடு. முழுசும் கேக்கறேன்."

வாத்தியம் இல்லை, வெளிச்சம் இல்லை, காலில் பனிக்காலப் பூட்ஸ். பாடினேன். முப்பது வரியும் பாடினேன். நடுவில் ஒரு இடத்தில் மூச்சுப் போதவில்லை, நிறுத்தி எடுத்துக்கொண்டேன். அவர் அசையவே இல்லை. பாடி முடித்தேன்.

"சொல்லுங்க" என்றேன்.

"ரெண்டாம் தரம்."

"அடப்பாவி மனுஷா!"

"மேல போறப்ப ஒரு மெல்லிசு கீறல் இருக்கு. அன்னிக்கும் இருந்திருக்கும். பார்மா மாதிரிப் பெரிய மேடைக்குப் போதாது. ஆனா தள்ளுபடி இல்ல யோலே. நம்ம ஊருக்கும் சுத்துப்பட்டுக்கும் இருபது வருஷம் தாங்கியிருக்கும். அதை நான்தான் ஊதிக் கெடுத்தேன்."

முதல் தரம் என்று சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பேன். பாவம் பார்த்துச் சொல்கிறார் என்று தெரிந்திருக்கும். இரண்டாம் தரம். எங்கள் வீட்டில் என் அப்பா காலத்திலிருந்து இரண்டாம் தரச் சீஸ்தான் வாங்குவோம். கடைசித் துண்டுக்குச் சண்டை நடக்கும்.

மேலே அவர் எழுந்து நின்று கைதட்டினார். ஒற்றை ஆள், எண்ணூறு காலி நாற்காலிக்கு மேலே. நிறுத்தவே இல்லை. 1937-இல் அந்த இரவுக்காக ஒரு மாதம் கண்ணாடி முன்னால் குனிந்து பழகின வணக்கம் ஒன்று என்னிடம் இருந்தது, எங்கள் வழக்கப்படி மேல்மாடிக்கு முதலில். அதை அன்றைக்குச் செய்தேன்.